வாசலில் ஓடிய மரத் தண்டவாளம்

இங்கிலாந்தின் வடகிழக்கில், நியூகாசில் நகரிலிருந்து மேற்கே சுமார் 15 கிலோமீட்டர் தள்ளி, டைன் ஆற்றின் வடகரையில் வைலம் என்ற சிற்றூர் இருக்கிறது. ஊரைத் தாண்டி ஆற்றோரமாகக் கிழக்கே அரை மைல் நடந்தால் ஒரு கல்வீடு வரும். ஓட்டுக் கூரை, ஒரு மேல்தளம், எந்த அலங்காரமும் இல்லாத முகப்பு. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளின் குடும்பங்களுக்காக 1760 வாக்கில் கட்டிய வீடு. ஹை ஸ்ட்ரீட் ஹவுஸ் என்று பெயர். நியூகாசிலுக்கும் ஹெக்ஸமுக்கும் இடையே குதிரை மேல் தபால் போய்வந்த பழைய சாலை அந்தப் பக்கமாகச் சென்றதால் வந்த பெயர் அது. வெளியிலிருந்து பார்ப்பவர் ஓரளவு வசதியான ஒரு குடியானவர் வீடு என்று நினைக்கக்கூடும். உள்ளே அது ஒண்டுக்குடித்தனம். நான்கு அறைகள், நான்கு குடும்பங்கள். அவற்றில் ஓர் அறையில் 1781 ஜூன் 9 அன்று ஜார்ஜ் ஸ்டீபன்சன் பிறந்தார். ‘ரயில்வேயின் தந்தை’ என்று பாடப் புத்தகங்கள் சொல்லும் அதே ஸ்டீபன்சன்தான். வீடு இப்போது நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. ஒரு பெரிய மனிதர் பிறந்த இடம் என்ற ஒரே காரணத்துக்காகக் காப்பாற்றப்பட்ட வீடு இது. அந்த மனிதரைப் பற்றி இது நமக்கு என்ன சொல்கிறது என்று கேட்டால் பதில் எதிர்பார்த்த திசையில் போவதில்லை. ஸ்டீபன்சனைப் பற்றி இந்த வீடு சொல்வது மிகக் கொஞ்சம். அவர் எந்த உலகத்துக்குள் வந்து பிறந்தார் என்பதைப் பற்றிச் சொல்வது மிக அதிகம். அந்த இரண்டாவது சாட்சியத்துக்காகத்தான் இந்த வீட்டை மதிக்க வேண்டும் என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

வழக்கமான வாசிப்பு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஸ்டீபன்சன் 1848இல் இறந்தார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1857இல், சாமுவேல் ஸ்மைல்ஸ் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார். அடுத்து 1859இல் ‘செல்ஃப் ஹெல்ப்’ என்ற நூல் வந்தது. உழைத்தால் எவரும் உயரலாம் என்ற விக்டோரியா காலத்து நம்பிக்கைக்கு அது கிட்டத்தட்ட வேதநூலாகவே ஆகிப்போனது. இந்த வரிசை தற்செயலானதாக எனக்குத் தோன்றவில்லை. ஸ்மைல்ஸுக்கு ஒரு நாயகன் தேவைப்பட்டார். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர், 18 வயதுவரை தானும் எழுத்தறியாத பையன், நாளைக்கு இரண்டு பென்னி கூலிக்கு ஒரு விதவையின் மாடுகளை மேய்த்தவன், கடைசியில் நாடாளுமன்றமே அழைத்துக் கேள்வி கேட்கும் பொறியாளர். இதைவிடப் பொருத்தமான கதை அவருக்குக் கிடைத்திருக்காது. அந்தக் கதையில் வைலம் வீட்டுக்குக் குறிப்பான ஒரு வேலை உண்டு. களிமண் தரை, பூச்சு காணாத சுவர், தலைக்கு மேலே மூடப்படாத உத்தரங்கள் என்று அந்த அறையை ஸ்மைல்ஸ் வர்ணிக்கிறார். ஏணியின் அடிப்படி எவ்வளவு தாழ்வாகத் தெரிகிறதோ அவ்வளவுக்கு உச்சி உயரமாகத் தெரியும். பிறந்த வீட்டைப் பார்க்க வரும் பயணிக்கு இன்றும் மனத்தில் நிற்பது பெரும்பாலும் இந்தச் சித்திரம்தான்: இவ்வளவு சின்ன அறையிலிருந்தா அவ்வளவு பெரிய மனிதர் வந்தார்!

வியப்பு நியாயமானது. ஆனால் அது வீட்டை ஒரு பின்னணித் திரையாகச் சுருக்கிவிடுகிறது. கணக்கையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஸ்டீபன்சன் குடும்பம் வைலத்தை விட்டுப் போனபோது ஜார்ஜுக்கு எட்டு வயது. அதற்குப் பிறகு டியூலி பர்ன், நியூபர்ன், பிளாக் காலர்ட்டன், வில்லிங்டன் கீ, கில்லிங்வொர்த் என்று வேலை இழுத்த இடமெல்லாம் அவர் போனார். எழுத்துக் கற்றது, திருமணம் செய்தது, மகன் ராபர்ட்டைப் பெற்றது, 1806இல் மனைவி ஃபிரான்சஸைக் காசநோய்க்குப் பறிகொடுத்தது, எந்திரத்தைப் பிரித்து மாட்டப் பழகியது, முதல் லோகோமோட்டிவ் கட்டியது என எல்லாமே வைலத்துக்கு வெளியே நடந்தவை. அறையில் இருக்கும் சாமான்களும் அக்காலப் பாணியைக் காட்டவென்று வைக்கப்பட்டவை. தனிமனித மேதைமையின் ஊற்றுக்கண் என்று இந்த வீட்டைக் காட்டுவதற்கு நேரடிச் சான்று ஒன்றுகூட இல்லை. ஒரு குழந்தை இங்கே பிறந்து எட்டு ஆண்டு வளர்ந்தது என்பதற்கு மட்டுமே சான்று உண்டு.

அப்படியானால் வீடு எதற்குச் சாட்சி? வாசலைத் திறந்து பார்த்தால் தெரியும். வீட்டுக்கு முன்னால், சில அடி தூரத்தில், ஜார்ஜ் பிறப்பதற்கு 33 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே ஒரு தண்டவாளம் ஓடிக்கொண்டிருந்தது. வைலம் சுரங்கத்திலிருந்து கிழக்கே லெமிங்டன் துறைவரை, சுமார் ஐந்து மைல். 1748இல் போட்டது. முழுவதும் மரம். சீராக அறுத்த சட்டங்களை இணையாகக் கிடத்தி, கீழே குறுக்குக் கட்டைகள் வைத்து, அதன்மேல் நிலக்கரி வேகனை ஒரு குதிரை இழுத்துக்கொண்டு போகும். டைன் பகுதியில் வழங்கிய வேகன் ஒன்று ஏறக்குறைய இரண்டரை டன் கரி கொள்ளும். மழைக்காலச் சேற்றுச் சாலையில் அதே சுமையை நகர்த்தப் பல குதிரைகள் வேண்டும். லெமிங்டனில் கரியைக் கீல் என்ற தட்டையான படகுகளில் கொட்டுவார்கள். நியூகாசில் பாலத்தைத் தாண்டிக் கடற்கப்பல்கள் வர முடியாததால், ஆற்றின் முகத்துவாரத்துப் பக்கம் காத்திருக்கும் கப்பல்களுக்கு அந்தப் படகுகளே கரியைக் கொண்டு சேர்க்கும். அங்கிருந்து அது லண்டன் அடுப்புகளுக்குப் போகும்.

இந்த ஏற்பாடு வைலத்துக்கு மட்டும் உரியதும் இல்லை, அன்று புதியதும் இல்லை. நாட்டிங்ஹாம் பக்கத்து வொல்லட்டனில் 1604 வாக்கிலேயே மரத் தண்டவாளம் இருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் அந்த வழக்கம் டைன் கரைக்கு வந்து வேரூன்றியது. ஆற்றங்கரையை ஒட்டியிருந்த கரி வெட்டித் தீரத் தீரச் சுரங்கங்கள் உள்நாட்டுக்குள் நகர்ந்தன. சுரங்கம் எவ்வளவு தூரம் நகர்ந்ததோ அவ்வளவு தூரம் தண்டவாளமும் நீள வேண்டியிருந்தது. இடையில் இருக்கும் நிலம் வேறொருவருடையது என்றால் அவருக்கு வழிவாடகை கொடுக்க வேண்டும். நிலத்தில் ஒரு மண்வெட்டிகூடப் போடாமல் வழிவாடகையாலேயே செழித்த நிலக்கிழார்கள் அந்த வட்டாரத்தில் உண்டு. 1726 வாக்கில் முடிந்த காஸி வளைவு இதன் உச்சம் என்று சொல்லலாம். ஒரு பள்ளத்தாக்கைக் குதிரை வேகன்கள் கடப்பதற்காக மட்டுமே நூறடிக்கும் அதிகமான அகலத்தில் கட்டிய ஒற்றைக் கல் வளைவு அது. நீராவி ரயில் வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே தோண்டிய வெட்டுகள், எழுப்பிய கரைகள், பாலங்கள், சரிவுக் கணக்கு, பிரேக் கட்டை, தண்டவாளப் பராமரிப்பு ஆள், வழிவாடகை ஒப்பந்தம் எல்லாம் அங்கே இருந்தன. ரயில்வேயிலிருந்து எஞ்சினைக் கழித்தால் மீதி என்னவோ அது முழுவதும் ஏற்கெனவே இருந்தது என்று சொன்னால் பெரிய மிகையாகாது.

எஞ்சின்? அதுவும் அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தது, வேறு விதமாக. ஜார்ஜின் அப்பா ராபர்ட் ஸ்டீபன்சன், ஊரார் வாயில் ‘ஓல்டு பாப்’, வைலம் சுரங்கத்தின் நீரிறைக்கும் எந்திரத்துக்கு ஃபயர்மேன். கொதிகலனுக்குக் கரி போட்டு, நீராவி தளராமல் பார்த்துக்கொள்ளும் வேலை. வாரக் கூலி 12 ஷில்லிங் என்று ஸ்மைல்ஸ் குறிப்பிடுகிறார். அந்த எந்திரம் நின்ற இடத்தில் நின்று தண்ணீரை இறைத்தது. அதன் உத்தரம் மேலும் கீழும் ஆடும், அவ்வளவுதான். ஜார்ஜ் பிறந்த அதே 1781இல்தான், நீராவியின் ஏற்ற இறக்க அசைவைச் சக்கரத்தின் சுழற்சியாக மாற்றும் முறைகளுக்கு ஜேம்ஸ் வாட் காப்புரிமை பெற்றார். ஆக, அந்த ஒற்றை அறைக்கு உள்ளே நகராத நீராவி, அப்பாவின் உடையில் ஒட்டிய கரித்தூளாக வந்து போயிற்று. வெளியே நகரும் தண்டவாளம், குதிரையை நம்பி ஓடியது. இரண்டுக்கும் இடையே ஒரு கதவுதான். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் ரயில்வே. சேர்வதற்கு முந்தைய நிலையை இவ்வளவு நெருக்கத்தில், ஒரே நிலைவாசலின் இரு பக்கங்களில், காட்டக்கூடிய வீடு உலகில் வேறு எங்கேனும் இருக்குமா என்பது சந்தேகம்தான்.

அந்தச் சேர்க்கை நடந்த இடமும் கிட்டத்தட்ட அதே வாசல். நடத்தியவர் மட்டும் ஸ்டீபன்சன் இல்லை. தனிமேதைக் கதைக்கு இதைவிடச் சங்கடமான உண்மை வேறு கிடையாது. வைலம் சுரங்கத்தின் உரிமையாளர் கிறிஸ்டஃபர் பிளாக்கெட். கார்ன்வால்காரரான ரிச்சர்ட் டிரெவிதிக் 1804 பிப்ரவரியில் வேல்ஸின் பெனிடேரனில் நீராவி வண்டியைத் தண்டவாளத்தில் ஓட்டிக் காட்டியதும், பிளாக்கெட் தனக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று கேட்டார். கேட்ஸ்ஹெட்டில் அது கட்டப்பட்டது. மரத் தண்டவாளம் அதன் எடையைத் தாங்காது என்று தெரிந்ததால் வைலத்துக்கு வந்து சேரவில்லை. பிளாக்கெட் விடவில்லை. 1808இல் மரத்தை எடுத்துவிட்டு வார்ப்பிரும்புத் தகடுகளைப் பதித்தார். சுரங்க மேற்பார்வையாளர் வில்லியம் ஹெட்லி, ஆட்கள் கையால் சுற்றி நகர்த்தும் ஒரு சோதனை வண்டியைச் செய்து, வழுவழுப்பான சக்கரம் வழுவழுப்பான தண்டவாளத்தில் வழுக்காமல் சுமை இழுக்குமா என்று அளந்து பார்த்தார். அப்போது இது உண்மையிலேயே விடை தெரியாத கேள்வி. லீட்ஸ் பக்கத்து மிடில்டன் ரயில்வேயில் பிளென்கின்சாப் 1812இல் பல்சக்கரமும் பல் தண்டவாளமும் வைத்து ஓட்டியது அந்தப் பயத்தால்தான். ஹெட்லியின் சோதனை வெற்றி பெற்றது. 1813-14இல் பஃபிங் பில்லி, வைலம் டில்லி என்ற எஞ்சின்கள் அந்தக் கல்வீட்டைக் கடந்து கரி இழுத்தன. கட்டியதில் சுரங்கத்தின் எந்திரவேலைக்காரர் ஜோனதன் ஃபாஸ்டருக்கும் கொல்லுப்பட்டறைத் தலைவர் டிமதி ஹாக்வொர்த்துக்கும் பங்கு உண்டு. பஃபிங் பில்லி 1862வரை வேலை பார்த்தது. இன்று லண்டன் சயின்ஸ் மியூசியத்தில் இருக்கும் அதுவே, எஞ்சியிருக்கும் லோகோமோட்டிவ்களில் மிகப் பழையது. வைலம் டில்லி எடின்பரோ அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ஸ்டீபன்சன் அப்போது கில்லிங்வொர்த்தில் இருந்தார். வைலத்துக்கு வந்து அந்த எஞ்சினைப் பார்த்துவிட்டுப் போனார் என்று ஸ்மைல்ஸே எழுதுகிறார். தன் பிறந்த வீட்டு வாசலில் ரயில் ஓடியபோது ஸ்டீபன்சன் அங்கே ஒரு பார்வையாளர். அவருடைய சொந்த எஞ்சின் புளூகர் 1814 ஜூலையில்தான் ஓடியது.

இதைச் சொன்னதும் வரும் முதல் மறுப்பு வலுவானது. தண்டவாளமும் நீராவியும் அவ்வளவு தயாராக இருந்தன என்றால், டைன் கரையில் அதே மாதிரி ஒண்டுக்குடித்தனத்தில் பிறந்த ஆயிரக்கணக்கான பிள்ளைகளில் ஒருவர் மட்டும் ஏன் ஸ்டீபன்சன் ஆனார்? சூழலே எல்லாவற்றுக்கும் காரணம் என்றால் பக்கத்து அறைப் பிள்ளையும் ரயில்வே போட்டிருக்க வேண்டாமா? கேள்வி சரி. அதற்குள் ஒளிந்திருக்கும் ஊகம் தவறு. ‘ஒருவர் மட்டும்’ என்பது உண்மை இல்லை. ஹாக்வொர்த் 1786இல் இதே வைலத்தில் பிறந்தவர், சுரங்கத்துக் கொல்லரின் மகன். பின்னாளில் ஸ்டாக்டன்–டார்லிங்டன் ரயில்வேயின் எஞ்சின்களைப் பல ஆண்டுகள் ஓட வைத்துக் காட்டியவர். 1829 அக்டோபரில் ரெயின்ஹில்லில் 500 பவுண்டு பரிசுக்கு நடந்த எஞ்சின் போட்டியில், ஸ்டீபன்சன்களின் ராக்கெட்டை எதிர்த்து நின்ற வண்டிகளில் ஒன்று ஹாக்வொர்த்தின் சான்ஸ் பரேய். அது எடை வரம்பையும் மீறியிருந்தது, ஓட்டத்தின்போது பழுதும் பட்டது, தோற்றது. உலக ரயில்வேயின் திசையைத் தீர்மானித்த போட்டியில், ஐந்தாறு ஆண்டு இடைவெளியில் ஒரே சிற்றூரில் பிறந்த இருவர் எதிரெதிரே நின்றார்கள் என்பதைத் தனிமேதைக் கதையால் விளக்க முடியாது. நியூபர்னில் பிறந்த ஹெட்லியையும் சேர்த்தால் ஆற்றங்கரையில் சில மைல் நீளத்துக்குள் மூன்று பேர். ஸ்மைல்ஸின் நூல் வந்த மறு ஆண்டே, 1858இல், ஹெட்லியின் மகன் லோகோமோட்டிவைக் கண்டுபிடித்தவர் யார் என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து ஒரு சிறுநூல் வெளியிட்டுத் தந்தையின் உரிமையைக் கோரினார். மகன் எழுதியது, பாரபட்சம் இருக்கும். இருந்தாலும் அது கிளப்பிய வழக்கு இன்றுவரை தள்ளுபடியாகவில்லை.

ஸ்டீபன்சனுடைய திறமையைக் குறைப்பது என் நோக்கம் இல்லை. அது எந்த வகைத் திறமை என்று சரியாகப் பெயர் சொல்ல வேண்டும், அவ்வளவே. 1811இல் கில்லிங்வொர்த் ஹை பிட்டில் யாராலும் சரிசெய்ய முடியாத நீரிறைப்பு எந்திரத்தை அவர் சரிசெய்தார். அதனால் மறு ஆண்டு நூறு பவுண்டுச் சம்பளத்தில் சுரங்கங்களின் எந்திரங்களுக்கெல்லாம் பொறுப்பாளர் ஆனார். கண்டுபிடிப்பாளராவதற்கு முன் அவர் தேர்ந்த பழுதுபார்ப்பவர். பல இடங்களில் பலர் செய்துவைத்த துண்டுகளில் எது உழைக்கும், எது உடையும் என்று கண்டு தேர்ந்து பொருத்துவதே அவர் வாழ்நாள் முழுவதும் செய்த வேலை. வில்லியம் லாஷ் என்பவரோடு சேர்ந்து வார்ப்பிரும்புத் தண்டவாளத்துக்கு 1816இல் காப்புரிமை வைத்திருந்தார். பெட்லிங்டன் இரும்பாலையின் ஜான் பர்கின்ஷா 1820இல் உருட்டிச் செய்த தேனிரும்புத் தண்டவாளத்தைக் கொண்டுவந்ததும், ஸ்டாக்டன் பாதைக்கு அதுவே நல்லது என்று பரிந்துரைத்தார். தன் கைக்கு வரவேண்டிய பணத்தை அவரே தட்டிவிட்டார். லாஷோடு இருந்த உறவும் அதோடு கசந்தது. இப்படிச் செய்ய அசாதாரண நேர்மையும் பொருளை அறியும் கண்ணும் வேண்டும். ஆனால் இது ஏற்கெனவே தண்டவாளங்கள் நிறைந்திருந்த ஓர் உலகத்தில்தான் விலைபோகும் கண். மறுபக்கமும் உண்டு. 1825இல் லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில்வே மசோதாவுக்காக நாடாளுமன்றக் குழுவின் முன் நின்றபோது, வழக்கறிஞர் ஆல்டர்சன் கேட்ட கேள்விகளுக்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லை. பேச்சு வழக்கைக் கேலி செய்தார்கள் என்பது உண்மைதான். அளவை மட்டங்கள் உண்மையிலேயே தவறாக இருந்தன என்பதும் உண்மை. மசோதா விழுந்தது. அடுத்த ஆண்டு ரென்னி சகோதரர்களின் பெயரில் வினோல்ஸ் செய்த புது அளவையோடுதான் நிறைவேறியது. ராக்கெட்டின் வெற்றிக்குக் காரணமான பல குழாய்க் கொதிகலன் யோசனையைக் கொடுத்தவர் அந்த ரயில்வே கம்பெனியின் செயலாளர் ஹென்றி பூத். எஞ்சினை வடிவமைத்து நியூகாசில் பட்டறையில் கட்டி முடித்தவர் மகன் ராபர்ட். ஒரு தலைக்கு ஒரு கிரீடம் என்ற கணக்கு எங்கே தொட்டாலும் இப்படிப் பிரிந்துபோகிறது.

இரண்டாவது மறுப்பு இன்னும் நுட்பமானது. எட்டு வயதுவரை கண்ட காட்சிதானே ஒருவருக்கு ஆழமாகப் பதியும்? வாசலில் தினமும் ஓடிய வேகன்கள் அவரை ரயில்வேக்காரராக ஆக்கின என்று ஏன் சொல்லக்கூடாது? தம்பி தங்கைகள் வேகனுக்கு அடியில் போய்விடாமல் பார்த்துக்கொள்வது சின்ன ஜார்ஜின் வேலையாக இருந்தது என்று ஸ்மைல்ஸ் எழுதுகிறார். நம்பத்தக்க செய்திதான், அந்த வாசலில் இருந்த எந்தக் குடும்பத்திலும் அது பெரிய பிள்ளைகளின் வேலையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் பதிவு என்பதைச் சோதிக்க நமக்கு ஒரு அளவுகோல் கிடைத்திருக்கிறது. உண்மையிலேயே அளவுகோல்தான்: இரண்டு தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம். உலகத்தின் பெரும்பகுதி ரயில்கள் இன்று ஓடும் 4 அடி 8½ அங்குலம், அதாவது 1,435 மில்லிமீட்டர், ஸ்டீபன்சன் பரப்பியது. நம் ஊர்ப் பெரிய ரயில்கள் 5 அடி 6 அங்குலத்தில் ஓடினாலும், சென்னை மெட்ரோ ஓடுவது அந்த ஸ்டீபன்சன் அகலத்தில்தான். பிறந்த வீட்டு வாசலிலிருந்து அவர் எதையாவது எடுத்துச் சென்றிருந்தால் முதலில் எடுத்திருக்க வேண்டியது இதுவாகத்தான் இருக்கும். வைலம் பாதையின் அகலமோ 5 அடி. பஃபிங் பில்லியின் சக்கரங்கள் இன்றும் அதைக் காட்டுகின்றன. ஸ்டீபன்சனின் 4 அடி 8 அங்குலம் கில்லிங்வொர்த் சுரங்கப் பாதையில், அவர் வேலை பார்த்த இடத்தில், ஏற்கெனவே இருந்த அளவு. அரை அங்குலம் பிறகு சேர்ந்தது. சக்கரமும் அப்படியே. வைலத்தில் பின்னால் வந்த தகட்டுப் பாதையில் விளிம்பு தண்டவாளத்தில் இருந்தது. ஸ்டீபன்சனின் எஞ்சினில் விளிம்பு சக்கரத்தில் இருந்தது. அவர் கொண்டுபோனது வளர்ந்து வேலை பார்த்த இடத்தின் வழக்கத்தை. குழந்தைப் பருவக் காட்சி மனத்துக்குள் என்ன செய்தது என்பதை எந்த ஆவணத்தாலும் நிறுவ முடியாது. அகலத்தை மட்டும் நிறுவ முடிகிறது, அது வேறு ஊரைக் காட்டுகிறது.

இங்கே மூன்றாவது மறுப்பு தானாகவே எழுகிறது. அப்படியானால் வைலத்தை விட்டுவிட்டுக் கில்லிங்வொர்த்தின் டயல் காட்டேஜை அல்லவா கொண்டாட வேண்டும்? அங்கேதான் அவர் 1804 முதல் குடியிருந்தார். ஓர் அறையும் பரணுமாக இருந்ததை நாலு அறையாகப் பெருக்கினார். மகனோடு சேர்ந்து கணக்குப் போட்டுச் செய்த சூரிய கடிகாரம் 1816 என்ற ஆண்டோடு வாசலுக்கு மேலே இருக்கிறது. அங்கிருந்துதான் புளூகரும், விஞ்ஞானி டேவியோடு பெரும் சண்டையைக் கிளப்பிய சுரங்க விளக்கும் வந்தன. ஸ்டீபன்சன் என்ற மனிதரைத் தேடுபவருக்கு இந்த வாதம் முழுக்கச் சரி. அவர் எப்படிச் சிந்தித்தார், மகனின் பள்ளிப் பாடத்தை எப்படித் தானும் படித்தார் என்பதற்கு அந்தச் சூரிய கடிகாரம் கல்லில் வெட்டிய சாட்சி. எழுத்தறிவில்லாதவர் என்று டேவியின் ஆட்கள் ஏளனம் செய்த ஒருவர், ஓர் இடத்தின் அட்சரேகைக்கு ஏற்ப நிழலைக் கணக்கிட்டுப் பதித்திருக்கிறார். வைலம் அறையில் இதற்கு நிகராக எதுவும் இல்லை என்று ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. இரண்டு வீடுகளும் இரண்டு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன என்று பிரித்துக்கொண்டால் போதும். டயல் காட்டேஜ் சொல்வது முன்னேறிய ஒரு தொழிலாளியின் கதை. வைலம் சொல்வது முன்னேற வாய்ப்பில்லாமல் அங்கேயே இருந்தவர்களின் கதையும்கூட.

அந்த ‘கூட’ எனக்கு முக்கியமாகப் படுகிறது. நான்கு அறைகளில் ஓர் அறைதான் ஸ்டீபன்சன்களுடையது. மற்ற மூன்று அறைகளில் அதே சுரங்கத்தை நம்பி, அதே தண்டவாளத்துக்குத் தப்பித்துப் பிள்ளைகளை வளர்த்த குடும்பங்கள் இருந்தன. அவர்களில் எவரும் வரலாற்றில் ஏறவில்லை. ஜார்ஜின் அம்மா மேபல்கூட ஆறு பிள்ளைகளுக்குத் தாய், எழுதப் படிக்கத் தெரியாதவர் என்ற இரண்டு மூன்று வரிகளாக மட்டுமே மிஞ்சுகிறார். ஒரே அறையில் எல்லோருக்கும் சமைத்து, துவைத்து, இரவுப் பணி முடிந்து வரும் கணவர் தூங்க இடம் ஒழித்துக்கொடுத்த அந்த உழைப்பு, எந்திரத்துக்குக் கரி போட்ட உழைப்பைவிட எந்த வகையிலும் குறைந்ததில்லை. அது எந்த ஆவணத்திலும் இல்லை. அந்த அறையின் நீள அகலத்தில் இருக்கிறது. எழுத்தறியாதவர்கள் காகிதத்தில் எதையும் விட்டுச்செல்வதில்லை. அவர்களுக்கு வீடுதான் ஆவணம். டைன் கரையில் இப்படிப்பட்ட சுரங்கக் குடியிருப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. சுரங்கம் மூடியதும், அல்லது சுகாதாரச் சட்டங்கள் வந்ததும், அவற்றை இடித்துத் தள்ளினார்கள். ஜார்ஜின் மகன் ராபர்ட் பிறந்த வில்லிங்டன் கீ வீடும் இன்று இல்லை.

எனவே, பெயரை எடுத்துவிட்டால் வீடே நின்றிருக்காதே என்று கேட்பவருக்கு என்ன சொல்வது? ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும். ஸ்மைல்ஸ் கட்டிய கதைக்கு இந்த வீடு பட்டிருக்கும் கடன் அது. 1881இல் நியூகாசிலில் ஊர்கூடி நூற்றாண்டு கொண்டாடிய மக்கள், ஒரு சராசரித் தொழிலாளர் குடியிருப்பைப் பாதுகாக்க வேண்டும் என்று நினைத்திருக்க மாட்டார்கள். நாயக வழிபாடு தான் அறியாமலேயே, தனக்கு எதிரான சாட்சியைப் பத்திரப்படுத்திக் கொடுத்திருக்கிறது. வீட்டைக் காட்டுகிறவர்கள் இந்த முரணை மறைக்க வேண்டியதில்லை. ஒரு அறையைக் காட்டி ‘இங்கே ஒரு மேதை பிறந்தார்’ என்று நிறுத்துவதற்குப் பதிலாக, வாசலில் நிற்கவைத்து 1748, 1781, 1808, 1813 என்ற ஆண்டுகளை அந்தப் பாதையில் வரிசையாகக் காட்டினால், ஸ்டீபன்சனின் உயரம் குறையாது. அவர் நின்ற தரை தெரியவரும். ஆற்றின் எதிர்க்கரையில், சில மைல் மேற்கே, மரச்செதுக்கு ஓவியர் தாமஸ் பியூவிக் பிறந்த செர்ரிபர்ன் வீடும் அதே நேஷனல் டிரஸ்ட்டிடம்தான் இருக்கிறது. அங்கே வீட்டைச் சுற்றியிருக்கும் பறவைகளையும் மரங்களையும் காட்டாமல் பியூவிக்கைப் பேச முடியாது என்பதை எல்லோரும் இயல்பாக ஏற்கிறார்கள். வைலத்திலும் அந்த இயல்பு வேண்டும். பறவைக்குப் பதில் இங்கே தண்டவாளம்.

அந்தப் பாதையின் பிற்காலமும் இந்த வாதத்துக்குள் வருகிறது. எதிர்க்கரையில் நியூகாசில்–கார்லைல் ரயில்வே 1835இல் வந்தது. வைலம் நிலையத்தில் இன்றும் ரயில் நிற்கிறது. 1870களின் நடுவில் பழைய வேகன் பாதையின்மேலேயே ஸ்காட்ஸ்வுட், நியூபர்ன், வைலம் ரயில்வே போடப்பட்டது. அது ஆற்றைக் கடக்க 1876இல் கட்டிய இரும்பு வளைவுப் பாலத்தில் பாதை வளைவிலிருந்து தொங்குகிறது. நியூகாசிலின் புகழ்பெற்ற டைன் பாலத்துக்கு ஒருவகையில் மூத்த அண்ணன். மரத்தில் குதிரை, வார்ப்பிரும்பில் பஃபிங் பில்லி, எஃகில் பயணிகள் ரயில் என்று ஒரே வாசலின் முன்னால் மூன்று காலங்கள் மாறின. 1968இல் அந்த ரயிலும் நின்றது. தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு நடைபாதையும் சைக்கிள் பாதையும் ஆக்கினார்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் இன்று அதன்மேல்தான் வருகிறார்கள். கார் வர வழியில்லை. ஆற்றோரமாக லெமிங்டன் பக்கம் சைக்கிள் மிதிப்பவருக்கு அவ்வளவாகக் கால் வலிக்காது. பாரம் ஏற்றிய வேகன் துறையை நோக்கி இறங்கவும், வெற்று வேகனைக் குதிரை சிரமமில்லாமல் திருப்பி இழுத்து வரவும் ஏற்றபடி 1748இல் வெட்டிய சரிவு அது.